இல்லாத பூனைக்கு முதல் ஊசி

வேதவல்லியின் வீட்டில் காலை ஆறு மணிக்கு இரண்டு பூனைகளுக்கு ஊசி போடப்படும். முதலில் இல்லாத பூனைக்கு. அது பிழைத்துக்கொண்டது என்று தெரிந்த பிறகு, இருக்கிற பூனைக்கு.

இருக்கிற பூனையின் பெயர் பட்டாணி. ஏழு வயது மஞ்சள் கடுவன். ஒரு காலத்தில் ஆறரைக் கிலோ இருந்தது. பெரம்பூரில் அவர்கள் குடியிருந்த அடுக்ககத்தில் அதற்குப் பயப்படாத நாயே கிடையாது. அந்த வருஷம் தை மாசத்தில் திடீரென்று தண்ணீர்க் கிண்ணமே கதி என்று கிடக்க ஆரம்பித்தது. மணல் தட்டு தினமும் குளமானது. தின்னத் தின்ன உடம்பு வற்றியது. கடைசியில், பின்னங்கால்களின் குதிகால் தரையில் படும்படி கிழவன் மாதிரி நடந்து வந்ததைப் பார்த்ததும்தான் வேதவல்லி அதைக் கூடையில் போட்டுக்கொண்டு பிராணி நல மையத்துக்கு ஓடினாள்.

சர்க்கரை வியாதி என்றார்கள். "பூனைக்கு சுகரா? பென்சன் வாங்கற எனக்கே இன்னும் வரலியே," என்று அவள் கணவர் எத்திராஜ் சிரித்தார். ரயில்வே பட்டறையில் முப்பத்தாறு வருஷம் இரும்போடு மல்லுக்கட்டிய மனிதர். சிரித்தாரே தவிர, அன்று சாயங்காலம் பூனையை மடியை விட்டு இறக்கவில்லை.

இன்சுலின் மனிதர்களுக்கே தட்டுப்பாடாகிவிட்ட காலம் அது. பிராணிகளுக்கு அந்த மருந்து வேண்டுமென்றால் நிழல் திட்டத்தில் சேர்ந்தே ஆக வேண்டும். மையத்தின் மருத்துவர் நஸ்ரின் பொறுமையாக விளக்கினார்.

"பயப்படாதீங்கம்மா. பட்டாணியோட கழுத்துத் தோலுக்கு அடியில அரிசி சைஸ்ல ஒரு சில்லு வைப்போம். ரத்தத்துல சக்கரை எவ்ளோன்னு அது அனுப்பிக்கிட்டே இருக்கும். அதை வச்சு திரைக்குள்ள இன்னொரு பட்டாணியை உண்டாக்குவோம். அதே கல்லீரல், அதே கிட்னி, அதே சோம்பேறித்தனம். அதுதான் நிழல். மருந்தை முதல்ல அதுக்குக் குடுங்க. பன்னெண்டு மணி நேரத்துல நடக்கப்போறதை அது பன்னெண்டு நிமிஷத்துல நடத்திக் காட்டிடும். பச்சை வந்தா இதுக்குப் போடலாம். சிவப்பு வந்தா மருந்துப் பெட்டி திறக்கவே திறக்காது."

"எல்லாம் அதுவே பாத்துக்குமா?"

"சக்கரையை அதுவே தெரிஞ்சுக்கும். என்ன தின்னுச்சுன்னு மட்டும் அதுக்குத் தெரியாது. அதை நீங்கதான் ஒவ்வொரு வேளையும் விரல் வச்சுப் பதியணும். நாங்க குடுக்கிற டப்பாக் கறி மட்டும்தான். சோறு, பால், பிஸ்கெட் ஆகவே ஆகாது. மூணு தடவை தப்பான தீனின்னு பதிவாச்சுன்னா பேரை எடுத்துடுவாங்க. அப்புறம் மருந்து கிடைக்காது."

அப்படித்தான் கூடத்துச் சுவரில் ஒரு சாண் அகலத் திரையில் இன்னொரு பட்டாணி குடிவந்தது. காதில் பழைய சண்டைத் தழும்புகூட அச்சாக இருந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது. மற்றபடி அதுவும் நக்கும், நெளியும், கொட்டாவி விடும்.

முதல் வாரம் அளவு பிடிபடவில்லை. மூன்று யூனிட் கொடுத்துப் பார்த்த காலையில் திரைக்குள் நிழல் தள்ளாடியது. பக்கவாட்டில் விழுந்து கால்களை உதறியது. வாயில் நுரை வந்தது. அது கத்திய கத்தலில் சமையலறையிலிருந்து ஓடிவந்த வேதவல்லி திரையில் கையை வைத்துத் தடவினாள். சிவப்பு எரிந்தது. பிறகு திரை ஒரு தடவை இமைத்து, நிழல் மறுபடியும் எழுந்து உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டது. கீழே நிஜப் பட்டாணி எதுவும் நடக்காதது போலத் தூங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த தடவை மையத்துக்குப் போனபோது அவள் கேட்டாள்: "டாக்டர், அதுக்கு வலிக்குமா?"

நஸ்ரின் கையுறையைக் கழற்றினார். "வலிக்கிற மாதிரி நடந்துக்கும். வலிக்குதான்னு எனக்குத் தெரியாதும்மா. செஞ்சவங்க இல்லைன்னு சொல்றாங்க."

"நீங்க இன்னா நெனக்கிறீங்க?"

"நான் அந்த நேரத்துல திரையைப் பாக்கறதில்லை."

வேதவல்லி பார்த்தாள். பார்க்கப் பார்க்க மரத்துப் போனது. இரண்டு யூனிட் என்று அளவு நிலைத்த பிறகு நிழல் விழுவதும் அபூர்வமாகிவிட்டது. உள்ளங்கைகளுக்கு நடுவே மருந்துக் குப்பியை உருட்டி, பிடரித் தோலைக் கூடாரமாகத் தூக்கி, ஊசியைச் சொருகி எடுக்க அவளுக்கு இப்போது ஐந்து நொடி போதும். பட்டாணி டப்பாவிலிருந்து தலையைத் தூக்குவதுகூட இல்லை. குதிகால் தரையை விட்டு எழும்பியது. ஒருநாள் அலமாரி மேல் ஏறி எத்திராஜின் மூக்குக் கண்ணாடியைத் தள்ளி உடைத்தது. அன்றைக்கு அவர்கள் வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

அப்புறம் புரட்டாசி வந்தது.

எத்திராஜ் வீட்டில் புரட்டாசி என்றால் விளையாட்டில்லை. ஒன்றாம் தேதிக்கு முன்தினமே கவுச்சிப் பாத்திரங்கள் கோணியில் கட்டிப் பரணுக்குப் போய்விடும். வீடு முழுக்கக் கழுவிவிடப்படும். எல்லாச் சனிக்கிழமையும் நெற்றியில் நாமம், கையில் சொம்பு, நாலு வீட்டு வாசலில் கோவிந்தா போட்டு வாங்கிய அரிசியில் தளிகை. மாசம் முழுக்க முட்டை ஓடுகூட வாசல் தாண்டாது. அவருடைய தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். வேதவல்லி மகளைச் சுமந்துகொண்டிருந்த வருஷம், தினம் ஒரு முட்டை சாப்பிடச் சொல்லிப் புரட்டாசியில்தான் டாக்டர் எழுதிக்கொடுத்தார். அவள் அந்தச் சீட்டை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டாள். இதையெல்லாம் கேட்டுப் பார்க்கும் வழக்கமே அந்த வீட்டில் இல்லை.

டப்பாக் கறியைத் திறந்தால் மூன்று வீட்டுக்கு மணக்கும். அதனால் வேதவல்லி தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையும் மாலையும் பூனையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, டப்பாவை முந்தானையில் மறைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். அங்கே தின்னவிட்டு, வாயைத் துடைத்து, தட்டைத் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கழுவிக் கொண்டுவந்தாள். எத்திராஜுக்கு அதில் அப்படியொரு பெருமை. பஜனை மடத்தில் போய்ச் சொன்னார்: "என் சம்சாரம் பூனைக்குக்கூட மாடியில வச்சிதான்யா கவுச்சி போடறா. வீட்டுக்குள்ள வாசனை வரக்கூடாதுன்னு." அங்கிருந்த பெண்கள் அவளை வேறு கண்ணோடு பார்த்தார்கள். கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் அவர் அவளைப் பற்றி வெளியே பெருமை பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஐந்தாம் நாள் மழை. மாடிப்படி பாசியில் வழுக்கி முழங்கால் சில்லில் நல்ல அடி. பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலை இரண்டு படி ஏறுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. படியிலேயே உட்கார்ந்து அழுதாள். பட்டாணி பசியில் அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. கீழே வந்து, ஒரு கரண்டி தயிர் சாதத்தைக் குழைத்து வைத்தாள். இன்றைக்கு ஒரு வேளைதானே என்றுதான் வைத்தாள். அது தட்டு தேயும் வரை நக்கியது.

திரை வழக்கம்போல் கேட்டது: பூனை என்ன சாப்பிட்டது? வேதவல்லி 'டப்பா' என்ற கட்டத்தில் விரலை வைத்தாள்.

"போட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே எத்திராஜ் உள்ளே வந்தார்.

"ஆச்சு."

"மழையில ஏன் கஷ்டப்படற," என்று அவர் அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டார். அவர் கை வைத்த இடம் இதமாக இருந்தது. சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். சொல்லவில்லை.

மறுநாளும் தயிர் சாதம்தான். அதற்கு மறுநாளும். கணவர் ஊசி நேரத்தில் பூஜை அலமாரி முன் நிற்பார். அவள் மாடிக்குப் போய் வருவதாக நினைத்துக்கொள்வார். பட்டாணியின் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. சில்லு அதை உள்ளது உள்ளபடி அனுப்பியது. ஆனால் தின்றது டப்பாக் கறிதான் என்று வேதவல்லியின் விரல் சொன்னது. டப்பாக் கறி தின்றும் சர்க்கரை ஏறுகிறதென்றால் உடம்பு மருந்துக்கு அடங்க மறுக்கிறது என்றுதான் எந்த அறிவும் முடிவு கட்டும். நிழல் அப்படித்தான் தன்னை மாற்றிக்கொண்டது. மூன்று யூனிட் கேட்டது. பிறகு நாலு. மூன்று யூனிட்டில் நுரை தள்ளி விழுந்த அதே நிழல் இப்போது நாலு வாங்கிக்கொண்டு கொட்டாவி விட்டது.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது வாரம் திரையில் ஒரு வரி வந்தது. 'இந்தப் பருவத்தில் உங்கள் பகுதிப் பூனைகளுக்கு மருந்து கூடுதலாகத் தேவைப்படுவதாகத் தெரிகிறது. கவலை வேண்டாம்.' அதைப் படித்ததும் வேதவல்லிக்குப் பெரிய பாரம் இறங்கியது. நம்முடையது மட்டும் இல்லை, ஏதோ பருவக் கோளாறு என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அளவு ஐந்து யூனிட் ஆனது.

புரட்டாசி ஒரு சனிக்கிழமையோடு முடிந்தது. ஞாயிறு விடியுமுன் எத்திராஜ் பையை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஐந்தேமுக்காலுக்குச் சங்கரா மீனோடு திரும்பினார். வாசலிலேயே பட்டாணி அவர் வேட்டியைப் பிடித்துத் தொங்கியது.

"இன்னிக்கு டப்பா கிப்பா வேணாம். மாசம் பூரா மாடியில நின்னு தின்னுது பாவம். ரெண்டு துண்டு வேகவச்சி வையி வேதா."

முள் எடுத்து, உப்பில்லாமல் வேகவைத்த மீனைப் பட்டாணி கண்ணை மூடிக்கொண்டு தின்றது. ஒரு பருக்கை சோறு கிடையாது. டப்பாவைவிட நல்ல தீனி. மீனை மட்டும் பார்த்தால் எந்த டாக்டரும் குறை சொல்ல முடியாது. வேதவல்லி 'டப்பா' என்று பதிந்தாள். நிழலுக்கு ஐந்து யூனிட் கொடுத்தாள். பன்னிரண்டு நிமிஷம் அது திரைக்குள் சௌக்கியமாகப் புரண்டது. பச்சை வந்தது. பெட்டி திறந்தது. அவள் பிடரித் தோலைத் தூக்கினாள்.

பத்து மணிக்கு மீன் வறுபட்டுக்கொண்டிருந்தது. புகை வெளியேற்றும் விசிறியின் இரைச்சலில் கூடத்துத் திரை கிணுகிணுத்தது அவள் காதில் விழவில்லை. பத்தரைக்கு வந்து பார்த்தபோது மஞ்சள் எழுத்தில் ஒரு குறிப்பு நின்றது. 'சில்லு தரும் அளவு நிழலோடு பொருந்தவில்லை. சில்லு பழுதாகியிருக்கலாம். மையத்தில் காட்டி மாற்றிக்கொள்ளவும்.' திரைக்குள் நிழல் வாலைச் சுருட்டித் தூங்கியது.

நிஜப் பட்டாணி கட்டிலுக்கடியில் கிடந்தது. வாயோரம் எச்சில் ஒழுகியது. கூப்பிட்டதும் எழுந்து வரப் பார்த்துச் சுவரில் முட்டிக்கொண்டது. அவள் சர்க்கரையைக் கரைத்து ஈறில் தடவினாள். அது அவள் விரலைக் கடித்தது. அவளை அடையாளம் தெரியவில்லை. எத்திராஜ் சட்டைகூட மாட்டாமல் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

மையத்தின் கூடத்தில் உட்கார இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு இருபது கூடைகளாவது இருக்கும். ஒரு கூடைக்குள்ளிருந்தும் சத்தம் வரவில்லை. தரையில் ஒரு கல்லூரிப் பெண் தன் கறுப்புப் பூனையைத் துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அதன் தாடையைத் தட்டிக்கொண்டேயிருந்தாள். பக்கத்தில் சிவப்புச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் கூடையின் கம்பியைப் பிடித்தபடி நின்றார். நேற்று நெற்றியில் இட்ட நாமம் இன்னும் முழுதாக அழியவில்லை.

நஸ்ரின் பட்டாணியின் காதோரத்தில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். "சக்கரை வெறும் முப்பத்தொண்ணு. இதுவும் அப்படித்தானா," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு குளுக்கோஸ் ஏற்றினார். "என்னம்மா சாப்பிட்டுச்சு?"

"டப்பாதான்," என்றாள் வேதவல்லி.

"வேற எதுவும் குடுக்கலையே?"

எத்திராஜ் முந்திக்கொண்டார். "இன்னிக்குக் காலையில ரெண்டு துண்டு மீனு, வேகவச்சது. நான்தான் குடுக்கச் சொன்னேன். அதுக்கு முன்ன மாசம் பூரா டப்பா தவிர வேற ஒண்ணு கெடயாது டாக்டர். இவ முட்டி ஒடஞ்சும் மாடியேறிப் போட்டா."

"மீன்னால ஒண்ணும் ஆகாது," என்றார் நஸ்ரின். அவர் முகத்தில் குழப்பம். "எல்லாரும் டப்பாதான்னு சொல்றீங்க. நிழல் எல்லாம் நல்லா இருக்கு. நிஜம் எல்லாம் விழுந்து கிடக்கு. எனக்கு ஒண்ணும் புரியல."

அரை மணியில் பட்டாணியின் சர்க்கரை நூற்றுப்பத்துக்கு வந்தது. அது கண்ணைத் திறந்து எத்திராஜைப் பார்த்து ஒரு மியாவ் சொன்னது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குளுக்கோஸ் கருவிக்கும் நிழலைக் கேட்டு நடக்கத்தான் கட்டளை. இருந்ததே ஒரு டாக்டர், இருபது பூனைகள். கருவியை நம்பித்தான் அவர் அடுத்த மேசைக்குப் போக முடிந்தது. 'நிழல் சீராக உள்ளது. போதும்,' என்று காட்டிவிட்டுக் கருவி தானாக நின்றது.

வேதவல்லி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போதாது என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கூடத்திலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தாள். பட்டாணியின் உடம்பில் இருப்பது தயிர் சாதத்துக்கான மருந்து. தயிர் சாதம் இல்லாத வயிற்றில் அது சாயங்காலம் வரை ரத்தத்துச் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். வாயைத் திறந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள், மருந்து நின்றுவிடும், பட்டாணி எப்படியும் செத்துப்போகும். இப்படி ஒரு நியாயத்தை அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். உண்மைக் காரணம் பக்கத்தில் வேட்டியும் வெற்று மேலுமாக உட்கார்ந்து, பூனையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் பெண்ணிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க வூட்ல புரட்டாசிக்கு எவ்ளோ சுத்தம் தெரியுமாம்மா..."

கால் மணி நேரம் போனது. அந்தக் கால் மணி நேரத்தை வேதவல்லி அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தாள்.

பட்டாணியின் உதடு துடித்தது. பின்னங்கால்கள் விறைத்தன.

"டாக்டர்," என்று அவள் எழுந்தாள். குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "டப்பா இல்ல. தயிர் சாதம். இருபத்தேழு நாளா தயிர் சாதம்தான் போட்டேன். டப்பான்னு பொய்யா விரல் வச்சேன்."

எத்திராஜ் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

நஸ்ரின் கையிலிருந்ததை வைத்துவிட்டு வந்தார். "ஏம்மா?"

"புரட்டாசி. வூட்டுக்குள்ள கவுச்சி ஆகாது. மாடியேற முடியல."

நஸ்ரின் சுற்றிலும் பார்த்தார். கூடைகளை, கூடைக்காரர்களின் நெற்றிகளை. "புரட்டாசி," என்றார் மெதுவாக. "எங்க மாமா கறிக்கடை வச்சிருக்கார். இந்த மாசம் முழுக்க ஈ ஓட்டுவார். எனக்கே தோணலையே. சொல்லுங்க, வேற யாரு?"

சிவப்புச் சட்டைப் பெரியவர் கூடைக் கம்பியைப் பார்த்தபடி சொன்னார்: "எங்க வூட்ல பால் சாதம்."

"இட்லி," என்றாள் கல்லூரிப் பெண். "எனக்குத் தெரியாது, அம்மா குடுத்திருக்காங்க. இப்பதான் போன்ல கேட்டேன்." பின்னாலிருந்து ஒரு குரல் பிஸ்கெட் என்றது. ஒருவர் பொங்கல் என்றார். எல்லோரும் டப்பா என்றுதான் விரல் வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் அவரவர் வீடு மட்டும்தான் என்று நினைப்பு.

நஸ்ரின் கருவிகளை நிழலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டுக் கையாலேயே குளுக்கோஸைத் திறந்துவிட்டார். சிரிப்பில்லாமல் பேசிக்கொண்டே வேலை செய்தார். "நிழல் தப்பாப் படிக்கலைம்மா. நாம சொன்னதைத்தான் படிச்சுது. இந்த ஒரு மாசம் வடசென்னைப் பூனைங்களுக்கு மட்டும் ஒரு வியாதி வருதுன்னு கண்டுபிடிச்சிருக்கு. அதுக்கு மருந்தும் ஏத்தியிருக்கு. இன்னிக்கு மாசம் முடிஞ்சு, சோறு நின்னு மீனும் கறியும் உள்ள போனதும் அந்த மருந்தே விஷமாயிடுச்சு."

கறுப்புப் பூனை இரண்டு மணிக்கு எழுந்து தண்ணீர் குடித்தது. சிவப்புச் சட்டைக்காரரின் பூனை உட்கார்ந்தது. பட்டாணிக்கு இரண்டாவது வலிப்பு வந்து, மூன்றாவதும் வந்து, இரண்டே முக்காலுக்கு எல்லாம் ஓய்ந்தது. அதன் தலை எத்திராஜின் உள்ளங்கையில் இருந்தது. அவர் கையை எடுக்காமல் வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார்.

வேதவல்லி அழவில்லை. அழ அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நஸ்ரின் வந்து அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "இப்ப ஒண்ணு கேக்கறேன், மன்னிச்சுக்கணும். இந்தப் பகுதியில முன்னூறு பூனைக்கு மேல திட்டத்துல இருக்கு. ஆறு மணிக்கு எல்லா வீட்லயும் அடுத்த ஊசி. நிழல் எல்லாம் பச்சை காட்டும். நான் போன் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், பாதிப் பேர் எடுக்கல. மேலே சொன்னா அளவை நிறுத்த ஆதாரம் கேக்கறாங்க."

"இன்னா ஆதாரம்?"

"முடிவு தெரிஞ்ச நிழல் ஒண்ணு. உங்க பட்டாணியோட நிழல்ல நெஜமான தீனியைப் பதிஞ்சு திரும்ப ஓடவிடணும். நெஜத்துல நடந்தது அதுலயும் நடந்துச்சுன்னா, மத்த எல்லாப் பூனைக்கும் திட்டமே உடனே மருந்தை நிறுத்திடும். ஆனா உங்க விரல்தான் வேணும். ஒவ்வொரு வேளைக்கும்."

"நடந்ததுன்னா..."

நஸ்ரின் திரும்பி மேசைமேல் கிடந்த பட்டாணியைப் பார்த்தார்.

கைத்திரையைக் கொண்டுவந்து வைத்தார்கள். பட்டாணி துண்டுக்கடியில் இருந்தது. திரைக்குள் பட்டாணி வெயிலில் கால் நீட்டிப் படுத்திருந்தது. அவளுடைய பொய்யைத் தின்று வளர்ந்த பூனை. அதற்கு ஒரு குறையும் இல்லை. இப்படியே விட்டால் அது இன்னும் பத்து வருஷம் இருக்கும். வீட்டுச் சுவரில் காலையில் கொட்டாவி விடும். அந்த நினைப்பு வந்ததும் வேதவல்லியின் விரல் நின்றுவிட்டது. இதையாவது வைத்துக்கொள்ளக் கூடாதா என்று அவள் மனசு கெஞ்சியது. கல்லூரிப் பெண் தன் பூனையை மார்போடு அணைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் மாலையில் ஆரம்பித்தாள். தயிர் சாதம். விரல். ஆறாம் நாள் காலை. தயிர் சாதம். விரல். ஒவ்வொரு வேளையாக, நேற்று இரவு வரைக்கும். ஒவ்வொன்றுக்கும் திரை நிதானமாகக் கேட்டது: உறுதியாகத் தெரியுமா? தெரியும் என்று ஐம்பது தடவைக்கு மேல் சொன்னாள். எத்திராஜ் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். கடைசியாக இன்று காலையின் மீன். ஐந்து யூனிட்.

நிழல் எழுந்தது. சுவர் இல்லாத இடத்தில் எதன்மேலோ முட்டிக்கொண்டது. விழுந்தது. நஸ்ரின் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நிறுத்திடட்டுமாம்மா, மீதியைப் பாக்க வேணாம்," என்றார்.

"இருக்கட்டும்," என்றாள் வேதவல்லி. "காலையில அது கட்டிலுக்கடியில கெடந்தப்ப நான் பக்கத்துல இல்ல."

அது கத்தியது. ஈறில் தடவ அங்கே வாய் இல்லை. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். நுரை, வலிப்பு, இன்னொரு வலிப்பு. நாலேகாலுக்கு நிழல் அசைவதை நிறுத்தியது. திரை சிவந்து எழுத்து வந்தது: 'இந்த அளவு பாதுகாப்பானதல்ல. ஊசி போட வேண்டாம்.'

கூடத்தில் ஒவ்வொரு கைப்பேசியாக அந்தச் சிவப்பு எரிந்தது. சிவப்புச் சட்டைக்காரர் அவளைப் பார்த்துக் கைகூப்பினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆட்டோவில் கூடையை இருவருக்கும் நடுவே வைத்துக்கொண்டு வந்தார்கள். மேம்பாலம் தாண்டும் வரை எத்திராஜ் கூடையையே பார்த்துக்கொண்டு வந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவள் காத்திருந்தாள். அவர் திட்டத் தெரியாத மனிதர் இல்லை. பட்டறையில் அவர் வாய்க்குப் பேர் இருந்தது.

"ஏன் வேதா," என்றார் கடைசியில். "பால்கனியில வச்சி போட்டுக்கறேன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே என்னை."

"கேட்டிருந்தா?"

"சரின்னிருப்பேன்." அவர் கூடையின் மூடியைத் தடவினார். "வெரதம் எனக்குத்தானே. பூனைக்கு இன்னா வெரதம்?"

அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அவர் அதைச் சொன்னார். முப்பத்து நாலு வருஷத்தில் அவர் சொன்னதிலேயே அதுதான் அவளால் தாங்க முடியாத வார்த்தையாக இருந்தது.